டெல்லியில் கல்லூரி: தினமும் போய்வருவதா, விடுதியா, தபால் படிப்பா?

மே மாதம் பிறந்தால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. "சார், பையன் பிளஸ் டூ முடிச்சிட்டான், கண் தெரியாது, எந்த காலேஜ்ல போடலாம்?" என்று யாராவது கேட்பார்கள். நான் கல்வி ஆலோசகன் இல்லை. பிறவியிலேயே பார்வை இல்லாதவன். டெல்லி பல்கலைக்கழகத்தில் படித்தேன், இப்போது ஒரு வங்கியில் வேலை. ராமகிருஷ்ணபுரம் (ஆர்.கே. புரம்) மலை மந்திர் முருகன் கோயிலைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்கள் ஒருவருக்கொருவர் என் நம்பரைக் கொடுத்துக் கொடுத்து இப்படி ஆகிவிட்டது.

இந்த வருடம் ஒரே வாரத்தில் இரண்டு வீட்டிலிருந்து கேட்டார்கள். ஆர்.கே. புரத்தில் ஒரு பையன், பார்வை அறவே இல்லை, அரசியல் அறிவியல் படிக்க ஆசை. ஜனக்புரியில் ஒரு பெண், சக்கர நாற்காலி, பி.காம். இருவரும் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். பையனின் அப்பா பயந்துபோய் தபால் படிப்பே போதும் என்கிறார். பெண்ணின் அம்மா, "பன்னிரண்டு வருஷம் நானே கூட்டிட்டுப் போயிருக்கேன் அண்ணா, இன்னும் மூணு வருஷம்தானே" என்கிறார். இரண்டு பேரும் தவறான வழியைத்தான் பிடித்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

எதை வைத்து அளப்பது?

பெற்றோர் முதலில் கேட்பது ராம்ப் (சரிவுப்பாதை) உண்டா, லிஃப்ட் உண்டா என்று. கல்லூரியில் கேட்டால் எல்லாம் உண்டு என்றுதான் சொல்வார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு. காலையில் கிளம்பி ராத்திரி படுக்கும் வரை உங்கள் பிள்ளை எத்தனை தடவை "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" என்று அடுத்தவரிடம் கேட்க வேண்டியிருக்கும்? அதை எண்ணுங்கள். உதவி கேட்பதில் அவமானம் ஒன்றுமில்லை, நானும் தினமும் கேட்கிறேன். ஆனால் ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்க வேண்டிய இடத்தில் பிள்ளை மெல்ல மெல்லக் கேட்பதையே விட்டுவிடும். முதலில் கேன்டீனுக்குப் போகாது, அப்புறம் நூலகத்துக்கு, கடைசியில் வகுப்புக்கு.

எண்ண வேண்டிய இடங்கள் ஐந்து.

வழி: வீட்டு வாசலிலிருந்து வகுப்பறை நாற்காலி வரை. மெட்ரோவை மட்டும் பார்க்காதீர்கள். டெல்லி மெட்ரோ 2002-இல் ஓடத் தொடங்கியபோதே லிஃப்டும் தடவித் தெரியும் தரைப்பட்டையும் இருந்தன. உதவி கேட்டால் ஊழியர் வந்து வண்டியில் ஏற்றிவிடுவார். சிக்கல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஆரம்பிக்கும். நடைபாதையில் பைக், திறந்த சாக்கடை, உயரமான படியுள்ள இ-ரிக்‌ஷா.

கழிப்பறை: இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, அதனால் நான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய கதவைப் பார்த்ததும் திருப்தியாகிவிடக் கூடாது. அது பூட்டியிருக்கிறதா? சாவி யாரிடம்? அந்த ஆள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனால்? உள்ளே பழைய பெஞ்சும் துடைப்பமும் அடுக்கியிருக்கிறதா? கதவு 90 சென்டிமீட்டராவது அகலம் வேண்டும். உள்ளே நாற்காலியைத் திருப்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். இது சரியில்லாத இடத்தில் பெண்பிள்ளைகள் என்ன செய்வார்கள் தெரியுமா? தண்ணீர் குடிக்க மாட்டார்கள். காலை ஏழு மணியிலிருந்து மாலை நான்கு வரை. டெல்லி வெயிலில். சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை வாங்கும் செலவைக் கல்லூரிச் செலவாக யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

புத்தகம்: பார்வையில்லாதவருக்கு இதுதான் ராம்ப். கணினித் திரையில் இருப்பதைச் சத்தமாகப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழும் படிக்கும். ஆனால் எழுத்து எழுத்தாக இருந்தால்தான் படிக்கும். ஆசிரியர் புத்தகத்தைப் போட்டோ எடுத்து பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் போட்டால், அதற்கு அது ஒரு படம், அவ்வளவுதான். தமிழ்ப் பாடம் எடுத்தவர்களுக்கு இன்னொரு தலைவலி: யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப். கண்ணுக்கு அழகான தமிழ். காதுக்கு, "எல், ஃபுல் ஸ்டாப், கே, செமிகோலன்" என்று வரும். சோதிக்க ஒரு எளிய வழி சொல்கிறேன். பிடிஎஃபில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே விழுந்தால் சரி. கிறுக்கலாக விழுந்தால் பழைய எழுத்துரு. வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது போட்டோ.

தேர்வு: மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் உண்டு (மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் என்பது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்). சொல்வதை எழுத ஒரு ஆளும் வேண்டும். அந்த ஆளைக் கல்லூரி தருமா, நாம் தேட வேண்டுமா? தமிழ்த் தாள் என்றால் டெல்லியில் தமிழ் எழுதத் தெரிந்த ஆள் வேண்டுமே, அதையும் முதலிலேயே கேளுங்கள்.

இணையதளம்: சேர்க்கை, கட்டணம், உதவித்தொகை, ஹால் டிக்கெட், மார்க் எல்லாமே இணையத்தில்தான். பல வருடங்களுக்கு முன் ஒரு மேற்படிப்புக்கு விண்ணப்பித்தேன், எங்கே என்று சொல்லப்போவதில்லை. படத்தில் கோணல்மாணலாக இருக்கும் எழுத்தைத் தட்டச்சு செய், நீ மனிதன்தான் என்று நிரூபி என்றது. குரல் வழி கிடையாது. பக்கத்து வீட்டுப் பத்து வயதுப் பையனைக் கூட்டி வந்து நான் மனிதன் என்று நிரூபித்தேன். அதற்குள் நேரம் முடிந்து தளம் என்னை வெளியே தள்ளிவிட்டது. மூன்று தடவை.

சட்டம் நம் பக்கம்தான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்கச் சொல்கிறது. வயது வரம்பில் 5 வருடம் தளர்வும் உண்டு. உயர்கல்வி நிறுவனங்களுக்கான அணுகல் தரநிலைகளை (எல்லோரும் தடையில்லாமல் பயன்படுத்துவதற்கான விதிகளை) பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022-இல் வெளியிட்டது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரலில், டிஜிட்டல் சேவைகளை எட்ட முடிவதும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. இதையெல்லாம் கல்லூரிக்கு எழுதும் கடிதத்தில் சேர்க்கலாம். ஆனால் தீர்ப்பு வந்த மறுநாள் எந்தப் படியும் தானாகச் சரிவுப்பாதை ஆகிவிடுவதில்லை. பிள்ளை சேரப்போவது இந்த ஜூலையில்.

வழி ஒன்று: வீட்டிலிருந்து தினமும் போய்வருவது

டெல்லி பல்கலைக்கழகக் கல்லூரி என்றால் சியூஇடி என்ற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்து இடம் தருகிறார்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பெரும்பாலான கட்டணம் தள்ளுபடி. அதனால் ‘செலவே இல்லை’ என்று நினைக்கிறோம். கணக்குப் போடுவோம். ஆட்டோவுக்கு ஒரு வழிக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் 22 நாளுக்கு 6,600. வருடத்தில் பத்து மாதம் என்றால் 66,000. கட்டணம் தள்ளுபடியான கல்லூரிக்கு! கூடவே ஒருவர் போய்வர வேண்டுமென்றால் அவருடைய வேலை, சம்பளம், முதுகு எல்லாம் இதே கணக்கில் சேரும்.

அதனால் கல்லூரியின் பெயரைவிட மெட்ரோ வரைபடத்தை முதலில் பார்க்கச் சொல்கிறேன். நம் ஆட்களுக்கு டெல்லி பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகம் என்றால் ஒரு மயக்கம். நானும் அதில் விழுந்தவன்தான். மெட்ரோ வராத காலத்தில் முத்ரிகா பஸ்ஸில் ரிங் ரோட்டைச் சுற்றிச் சுற்றியே மூன்று வருடம் போனது. இன்று ஜனக்புரிப் பெண்ணுக்கு நீலப் பாதையில் ராஜோரி கார்டன், அங்கே மாறி இளஞ்சிவப்புப் பாதையில் துர்காபாய் தேஷ்முக் தெற்கு வளாகம் ஸ்டேஷன். ஒரே ஒரு மாற்றம். ஆர்.கே. புரம் பையனுக்கு ஹௌஸ் காஸில் மாறினால் மஞ்சள் பாதை நேராக வடக்கு வளாகத்துக்கான விஸ்வவித்யாலயா ஸ்டேஷனில் கொண்டுபோய் விடும். பார்வையில்லாதவருக்கு ஒரு மாற்றம் பெரிய விஷயமில்லை. பத்து நாள் போனால் காலே வழி சொல்லும்.

வளாகத்துக்குள் போனதும் டேப் எடுங்கள். சரிவு 1-க்கு 12 என்பது விதி. அதாவது 15 சென்டிமீட்டர் படி மூன்று இருந்தால் உயரம் 45, சரிவுப்பாதை 540 சென்டிமீட்டர் நீளம் வேண்டும், கிட்டத்தட்ட 18 அடி. மூன்று படிக்கு ஆறடிப் பலகையைச் சாய்த்துவைத்து ராம்ப் என்பவர்கள் உண்டு. அதில் நாற்காலி ஏறாது. இறங்கும்போது குப்புறத் தள்ளும்.

லிஃப்ட் இல்லாவிட்டாலும் ஒரு கல்லூரியைத் தள்ளிவிட வேண்டாம். அந்தப் பிரிவின் வகுப்புகளைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தர ஒப்புக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். செலவே இல்லாத ஏற்பாடு, நிறைய இடங்களில் செய்கிறார்கள். ஆனால் வாய்வார்த்தையாக வாங்காதீர்கள். அடுத்த செமஸ்டரில் கால அட்டவணை போடுபவர் மாறுவார், பிள்ளை மறுபடி இரண்டாம் மாடியின் அடியில் நிற்கும்.

யாருக்கு நல்லது? வீட்டில் ஒருவர் உதவி தேவைப்படுகிற, ஆனால் வெளியே தனியாகச் சமாளிக்கக்கூடிய பிள்ளைக்கு. மெட்ரோவுக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்களுக்கு.

வழி இரண்டு: விடுதி

என்னைக் கேட்டால், பார்வையில்லாத பிள்ளைக்கு இதுதான் முதல் தேர்வு. காரணம் வகுப்பறை இல்லை, ராத்திரி பத்து மணி. அறைத்தோழன் நாளைய பாடத்தைச் சத்தமாகப் படிப்பான், நீ கேட்பாய். உனக்குப் புரிந்ததை அவனுக்கு விளக்குவாய். பின்னால் விடுதிக்குப் போனதும் நான் பாதிப் பாடம் கேட்டது அப்படித்தான், மீதி கேசட்டில். இன்று கேசட் இல்லை; சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016-இலிருந்து இருக்கிறது. ஆனால் எந்த ஆசிரியர் மென்பிரதி தருவார், பார்வையற்றோர் பிரிவு எந்த மாடியில் இருக்கிறது, எந்த அலுவலரிடம் போனால் வேலை நடக்கும் என்பதெல்லாம் சீனியர் சொல்லித்தான் தெரியும். சீனியர் கிடைப்பது விடுதியில்.

ஜே.என்.யூ. (ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நூலகத்தில் பார்வையற்றோருக்கு ஹெலன் கெல்லர் பிரிவு இருக்கிறது, விடுதிகள் வளாகத்துக்குள்ளேயே. ஆனால் இளங்கலையில் அங்கே பெரும்பாலும் அயல்மொழிகள்தான்; பி.ஏ. அரசியல் அறிவியலுக்கோ பி.காமுக்கோ வழியில்லை. அது எம்.ஏ.வுக்குப் பார்க்க வேண்டிய இடம். ஆரவல்லிப் பாறைமேட்டில் பரந்து கிடக்கும் வளாகம் என்பதால் கையால் உருட்டும் சக்கர நாற்காலிக்கு ஏற்றமும் இறக்கமும் தோளை வாங்கிவிடும்.

மறைந்திருக்கும் செலவு எங்கே? டெல்லி பல்கலைக்கழகத்தில் விடுதி இடம் குறைவு. கிடைக்காவிட்டால் விஜய் நகரிலும் கமலா நகரிலும் தனியார் வாடகைக்கு விடும் பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) அறைதான்: இரண்டு பேர் எதிரெதிரே போக முடியாத மாடிப்படி, மூன்றாவது மாடி. பார்வையில்லாதவர் பழகிவிடுவார். சக்கர நாற்காலிக்கு அது கதவு சாத்திய மாதிரிதான். அதனால் ‘விடுதி’ என்ற திட்டம் ‘பி.ஜி.’ ஆக மாறினால் என்ன செய்வோம் என்பதையும் இப்போதே யோசியுங்கள்.

சக்கர நாற்காலிப் பெண்ணுக்கு இன்னொரு கேள்வி. குளிக்க, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற ஒரு ஆள் வேண்டுமென்றால், அந்த ஆளை விடுதி உள்ளே தங்க விடுமா? உணவுக்கூடத்துக்கு எத்தனை படி? விடுமுறையில் விடுதியை மூடினால்? இவற்றுக்குப் பதில் கிடைக்காமல் பெட்டி கட்ட வேண்டாம்.

வழி மூன்று: தபால் படிப்பு

இப்போது தபாலும் இல்லை கிபாலும் இல்லை, எல்லாம் இணையம். ஆனால் பெயர் நம் வாயில் ஒட்டிக்கொண்டது. டெல்லி பல்கலைக்கழகத்தின் திறந்தநிலைக் கல்விப் பள்ளி 1962-இலிருந்து இருக்கிறது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ 1985-இல் வந்தது, தலைமையகம் இங்கேயே மைதான் கடியில். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே ‘மதிப்பில்லை’ என்ற பேச்சை விடுங்கள்.

என் கவலை வேறு. படி இல்லை, பஸ் இல்லை, எனவே எல்லோருக்கும் எளிது என்று நினைக்கிறோம். உண்மையில் இங்கே கட்டடத்தின் வேலையை இணையதளம் செய்கிறது, அந்தத் தளத்தில் படி இருந்தால் சுற்றிப்போக வேறு வாசல் கிடையாது. நேர்க் கல்லூரியில் தளம் மக்கர் செய்தால் அலுவலக ஜன்னலில் போய் நிற்கலாம். தபால் படிப்பில் பையன் என்ன செய்வான்? அப்பாவைக் கூப்பிடுவான். அப்பா விண்ணப்பம் போடுவார், அப்பா அசைன்மென்ட் ஏற்றுவார், அப்பா ஹால் டிக்கெட் எடுப்பார். பட்டம் பிள்ளைக்கு, பாஸ்வேர்டு அப்பாவுக்கு. மூன்று வருடம் கழித்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அப்பாதான் உட்கார வேண்டியிருக்கும்.

தேர்வு எப்படியும் நேரில்தான். ஏற்கெனவே தெரிந்த கட்டடமாக இல்லாமல் ஏதோ ஒரு மையத்தில் போடுவார்கள். படி எத்தனை, எழுதுபவர் வருவாரா என்பது அன்று காலைதான் தெரியும். மையத்தை முந்தைய நாளே போய்ப் பாருங்கள்.

ஆனால் இதுவே சரியான வழியாக இருப்பவர்களும் உண்டு. சட்டத்தில் உள்ள 21 வகை ஊனங்களில் தலசீமியா, ஹீமோபிலியா என்ற ரத்த நோய்களும் மனநோயும் அடங்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளையை வருகைப்பதிவுக்காக ஓடவிடுவதில் அர்த்தமில்லை. நாள் போகப்போகத் தசை பலவீனமாகும் நோய், எப்போது வரும் என்று தெரியாத வலி, ஏற்கெனவே ஒரு வேலை, இவர்களுக்கெல்லாம் தபால் படிப்பு நிஜமான விடுதலை.

காது கேளாத பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி: சைகைமொழி பெயர்ப்பாளர் இல்லாத வகுப்பறையில் மூன்று வழியும் ஒன்றுதான். சென்னை மாநிலக் கல்லூரியில் அவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் இருக்கின்றன, ஊரில் பாட்டி வீடு இருந்தால் அதையும் யோசிக்கலாம்.

பக்கம் பக்கமாக

| | போய்வருவது | விடுதி | தபால் படிப்பு |
|---|---|---|---|
| வழி | தினமும் பரீட்சை | ஒரு மாதத்தில் பழகும் | தேர்வு நாளில் மட்டும் |
| கழிப்பறை | கல்லூரியில் சரியாக இருந்தே ஆக வேண்டும் | இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும் | வீடு; தேர்வு மையம் சந்தேகம் |
| புத்தகம் | நண்பர்கள், நூலகம் | நண்பர்கள் ராத்திரியும் உண்டு | தளத்தில் இருப்பதுதான் |
| தேர்வுக்கு எழுதுபவர் | கல்லூரியிடம் கேட்கலாம் | கேட்கலாம், ஆளும் கிடைப்பார் | பெரும்பாலும் நம் தலையில் |
| இணையதளம் | அலுவலக ஜன்னல் துணை | அதேபோல் | அதுவே கல்லூரி |
| தெரியாத செலவு | ஆட்டோ, அம்மாவின் வேலை | உதவியாளர், விடுமுறை, பி.ஜி. | தனிமை, அப்பாவின் பாஸ்வேர்டு |

இந்த இரண்டு பேருக்கு

பையனுக்கு வடக்கு வளாகம், விடுதி கிடைத்தால் விடுதி. கிடைக்காவிட்டால் மெட்ரோவில் போய்வரட்டும், அப்புறம் எம்.ஏ.வுக்கு விடுதி பார்க்கலாம். அப்பாவிடம் சொல்லிவிட்டேன்: சேர்வதற்கு முன்னால் இந்த ஒரு மாதம் வெள்ளைக்கோல் பயிற்சிக்கும் என்விடிஏவுக்கும் செலவழியுங்கள், டியூஷனுக்கு வேண்டாம். அவர் இன்னும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை.

பெண்ணுக்குத் தெற்கு வளாகப் பக்கம், வீட்டிலிருந்து போய்வருவது, ஆனால் அம்மா இல்லாமல். முதல் மாதம் மட்டும் அம்மா மெட்ரோவில் பக்கத்துப் பெட்டியில் வரலாம் என்று பேசி முடித்திருக்கிறோம். கல்லூரிகளின் முன்னுரிமைப் பட்டியலில் எதை முதலில் போடுவது என்பதைக் கட்-ஆஃப் பார்த்து முடிவு செய்யாமல், போய் அளந்து பார்த்த வரிசையில் போடச் சொன்னேன். பட்டியல் பூட்டிய பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் உள்ள பெயரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் இனிஷியல் வட இந்தியப் படிவங்களில் எப்போதும் கலாட்டா செய்யும்.

போன சனிக்கிழமை ஒரு கல்லூரிக்கு மூன்று பேரும் போனோம். அவள் உருட்டினாள், அம்மா டேப் பிடித்தார், நான் கேள்வி கேட்டேன். ராம்ப் பரவாயில்லை. கழிப்பறை பூட்டியிருந்தது; சாவிக்காரரைத் தேடி வர இருபது நிமிடம் ஆனது. வீட்டுக்கு வந்து முதல்வருக்குக் கடிதம் எழுதினோம்: வகுப்புகள் தரைத்தளத்தில், பாடக்குறிப்புகள் எழுத்து வடிவத்தில், தேர்வு அறை முன்கூட்டியே, வாசலில் உடைந்த ஓடு சரிசெய்தல். கையெழுத்துப் போடும் முன் அவள் பேனாவை வாங்கி ஐந்தாவதாக ஒன்றைத் தானே எழுதினாள். கழிப்பறைச் சாவிக்கு ஒரு டூப்ளிகேட், என் பையில் வைத்துக்கொள்ள.